முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி

(பாம்பன் தீவில் ஒரு பங்கின் திருவிழா மேடையில், மீன்பிடித் தடைக்காலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பங்குத்தந்தையே, அருட்சகோதரிகளே, பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

சோர்ந்து போனவர்களையும் காயப்பட்டவர்களையும் கடவுள் எப்படிப் பார்க்கிறார் என்று பேசச் சொன்னார்கள். நேராக எலியாவிடம் போய்விடுகிறேன். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம்.

எலியா சாமானியமான ஆள் இல்லை. முந்தின அதிகாரத்தில்தான் கார்மேல் மலையில் ஒற்றை ஆளாக நின்று, வானத்திலிருந்து தீ இறங்கும்படி மன்றாடியவர். அடுத்த அதிகாரத்தில் அரசி ஈசபேல் ஆள் அனுப்பி, நாளைக்குள் உன் உயிரை எடுக்கிறேன் என்று மிரட்டுகிறாள். ஓடுகிறார். பெயேர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாகப் பாலைவனத்துக்குள் ஒரு நாள் பயணம் நடந்து, ஒரு சூரைச் செடிக்குக் கீழே உட்காருகிறார். நம்மூர் உடைமரம் போல அரைகுறையாக நிழல் விழும் செடி அது. அங்கே உட்கார்ந்து, ஆண்டவரே போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சொல்லிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

ஓர் இறைவாக்கினர் சாகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது, ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது, ‘போதும் சாமி, என்னை எடுத்துக்கோ’ என்று சொல்லியிருந்தால், அதற்காகக் கடவுள் உங்களை ஒதுக்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் எலியா அதைச் சொல்லியிருக்கிறார். அவரைக் கடவுள் ஒதுக்கவில்லை.

சரி, கடவுள் என்ன செய்தார்? ஒரு வானதூதரை அனுப்பினார். தூதர் வந்து அவரைத் தொட்டு எழுப்பி, “எழுந்து சாப்பிடு” என்றார். தலைமாட்டில் சுடுகல்லில் சுட்ட ஓர் அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் கோபப்படவில்லை. தூங்க விட்டார். இரண்டாம் தடவை வந்து தொட்டு, மறுபடியும் சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்றார். அந்தச் சாப்பாட்டின் தெம்பில் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் கடவுள் கேட்கிறார்: எலியா, இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

கேள்வி கேட்ட இடத்தைக் கவனியுங்கள். அதைச் சூரைச் செடிக்குக் கீழேயே கேட்டிருக்கலாம். நேற்று வரைக்கும் என் வல்லமையைப் பார்த்தவன்தானே, உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்க எல்லா நியாயமும் கடவுளுக்கு இருந்தது. கேட்கவில்லை. இரண்டு சாப்பாடு, இரண்டு தூக்கம், நாற்பது நாள் அவகாசம். அதற்குப் பிறகுதான் கேள்வி.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நொந்துபோன வீட்டுக்குள் நுழையும்போதே கேள்வியோடு நுழைகிறோம். ‘ஏம்மா, நாலு வாரமா பூசைக்கு வரலையே?’ ‘செபமாலை சொல்றியா இல்லையா?’ ‘என்ன பாவம் செஞ்சீங்களோ?’ இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு இது மனசு பொறுக்கவில்லை. கடவுள் கேட்காத கேள்வியை அவர் பேரைச் சொல்லி நாம் கேட்கிறோம்.

இயேசுவும் இதே வழக்கத்தில்தான் நடந்தார். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தை இந்தக் கடற்கரை ஆட்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. சீடர்கள் ஏழு பேர் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. வெறும் படகோடு கரைக்கு வருகிற ஆளின் முகம் உங்களுக்குத் தெரியும். டீசல் போட்ட காசு போச்சு, ஐஸ் வாங்கின காசு போச்சு, முன்பணம் கொடுத்த வியாபாரி இறங்குதளத்தில் நிற்கிறார், பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மாகூட ‘என்ன பட்டுச்சு’ என்று கேட்கமாட்டார்கள். ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து நீட்டுவார்கள்.

அந்த ஏழு பேரில் பேதுருவுக்கு வலை வெறுமையாய் வந்தது மட்டும் துக்கமில்லை. சில நாளைக்கு முன்னால், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்தபடி, ‘அந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். அந்தப் பேதுரு தண்ணீரில் குதித்துக் கரையேறி வரும்போது, அங்கேயும் கரி நெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்த ஆண்டவர் தம் கையால் சமைத்து வைத்திருக்கிறார். நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். வலையில் 153 பெரிய மீன். எண்ணி எழுதியிருக்கிறார்கள். மீன்காரர்கள் எண்ணாமல் விடுவார்களா! அப்புறம், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டுப் பரிமாறுகிறார்.

‘என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா’ என்ற கேள்வியைப் பேதுருவிடம் இயேசு எப்போது கேட்டார்? அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு என்று யோவான் நேரத்தைக் குறித்தே எழுதுகிறார். பேதுருவின் மனசில் கிடந்தது பெரிய காயம். அதைத் தொட்டே ஆகவேண்டும். வயிறு நிறைந்து, உடம்பு சூடேறி, பக்கத்தில் உட்காரவைத்த பிறகு தொட்டார்.

இறந்துபோன யாயிர் மகளை உயிரோடு எழுப்பினாரே, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஊரே மலைத்துப்போய் நிற்கிறது. இயேசு என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றார்.

இப்போது நம் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். கடல்பாசி எடுக்கிற பெண்கள் இந்த மேடைக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விடியுமுன் எழுந்து கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, வத்தை என்கிற சின்னப் படகில் ஏறித் தீவோரம் போகிறீர்கள். விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுகிறீர்கள். துணி சுற்றியும் விரல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது. வீட்டுக்கு வந்து அதே விரலால் மிளகாய் அரைக்கவேண்டும். பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? உங்களைத்தான். பூசையில் உட்கார்ந்தபடி கண் சொக்கித் தூங்கிவிடுகிறேனே, இது பாவமா என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். ஆண்டவரே படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கியவர்தானம்மா. அலை படகுக்குள் அடிக்கிறபோதும் எழும்பாத அளவுக்கு அசதி. சமாரியாவில் நடந்து களைத்துக் கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் கொடு என்று ஒரு பெண்ணிடம் கேட்டவர். உடம்பின் அசதி என்னவென்று தம் உடம்பிலேயே அறிந்தவருக்கு முன்னால்தான் நீங்கள் தூங்குகிறீர்கள். தூங்குங்கள்.

அந்தப் படகு எங்கே போனது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. புயலை அடக்கியதோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். மாற்கு நற்செய்தியில் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். அக்கரையில் கல்லறைகளுக்கு நடுவே ஒருவர் இருக்கிறார். விலங்கு போட்டும் சங்கிலியால் கட்டியும் பார்த்து, ஊரே கைவிட்ட ஆள். இரவும் பகலும் கத்திக்கொண்டு, கல்லால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவர். அன்றைய ராத்திரிப் பயணத்தில் அக்கரையில் இயேசு சந்தித்தது அந்த ஒருவரைத்தான். அவரை விடுவித்தார். ஊர்க்காரர்கள் வந்து பார்க்கும்போது அந்த ஆள் ஆடை உடுத்தி, அறிவுத் தெளிவோடு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு இயேசு இக்கரைக்குத் திரும்பிவிட்டார்.

சங்கிலி என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். எந்த மதத்துக்காரர்களாக இருந்தாலும் அவர்கள் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். இந்தக் கடற்கரையில் மனசு நோய்ப்பட்டவர்களுக்காக மன்றாடும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்து நினைக்கிறேன்.

மனநோயை மறைக்காதீர்கள். பேய், செய்வினை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கட்டிப்போடாதீர்கள். செபம் செய்யுங்கள், ஓரியூருக்குப் போய் அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண்ணில் முழந்தாளிடுங்கள், கூடவே மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசு எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். கூடவே பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருந்து கொடுக்கிற கையும் கடவுள் அனுப்பிய கைதான்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டைப் பற்றி நான் பேசித்தான் ஆகவேண்டும். உடல் கிடைத்தால் அடக்கம் செய்து, அழுது, முப்பதாம் நாள் பூசை வைத்து, மனசை ஒரு வழியாகத் தேற்றிக்கொள்ளலாம். உடலே கிடைக்காத வீட்டில் என்ன செய்வது? அந்தப் பெண் பொட்டு வைப்பதா, வேண்டாமா? பூசைக் கருத்தை ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதுவதா, நலமாகத் திரும்பிவர என்று எழுதுவதா? பிள்ளைக்குப் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது? ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டம். இறப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் விதவை ஓய்வூதியமும் நகராது, இன்சூரன்சும் நகராது. துக்கம் ஒரு பக்கம், ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல் ஒரு பக்கம்.

அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்மா’ என்று சொல்லாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யோபுவின் நண்பர்கள் அவருடைய துயரத்தைப் பார்த்து, ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்கள்மேல்தான் சினங்கொண்டார். கத்திக் கதறிய யோபுவின்மேல் சினங்கொள்ளவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு, விடிந்தால் 23. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு மூழ்கியது. அடுத்த மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். தப்பித்து வந்து இந்தத் தீவில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். ஏன் சாமி இப்படி என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு இயேசு விளக்கம் கொடுத்ததாக நற்செய்தியில் நான் படித்ததில்லை. இலாசரின் கல்லறைக்கு முன்னால் அவர் அழுதார் என்று படித்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். நயீன் ஊர் வாசலில் ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்த கைம்பெண் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மன்றாடவில்லை, விசுவாசம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அழுதுகொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள், அவ்வளவுதான். அவர் பார்த்தார், மனமிரங்கினார், கிட்டே போய்ப் பாடையைத் தொட்டு நிறுத்தினார். நம் துக்கத்தைக் கண்டு கிட்டே வருகிறவர் அவர். நான் நம்புகிற கடவுள் அவர்தான்.

ஜூன் 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது. அடுத்த நாளே விசைப்படகுகள் இறங்கிவிடும், அப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்னால் நாம் செய்யவேண்டியதைப் பங்குத்தந்தையிடம் பேசியிருக்கிறேன், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். ஒவ்வோர் அன்பியமும், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்த ஒவ்வொரு செபக் குழுவும், தன் தெருவில் ஆள் திரும்பாத வீடு, ஆள் இலங்கைச் சிறையில் இருக்கிற வீடு, படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு எவை எவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அந்த வீடுகளுக்குச் சமைத்த சாப்பாடு போகட்டும். மீன் குழம்போ கருவாட்டுக் குழம்போ, உங்கள் வீட்டில் என்ன வைத்தீர்களோ அதுவே போதும். கொடுத்துவிட்டு, அவர்களாகப் பேசினால் கேளுங்கள். சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்குப் போகிற பெண்களோடு, விண்ணப்பம் எழுதத் தெரிந்த படித்த பிள்ளைகள் கூடப் போகவேண்டும். போக விருப்பமுள்ள வாலிபர்கள் இன்றைக்குத் தேர்ப்பவனி முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.