போனை அணைத்தால் கேலி அணையுமா?

நடுவர் அவர்களுக்கும், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே கைதட்டும் பெருமக்களுக்கும் வணக்கம். இணையக் கேலி இளையோரைப் பக்குவப்படுத்துகிறதா, முடக்குகிறதா என்பது தலைப்பு. முடக்குகிறது என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், “பள்ளியில் என்னை முட்டைக்கண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள், நான் என்ன தேய்ந்தா போய்விட்டேன்? போனை அணைத்தால் கேலியும் அணைந்துவிடும்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். ஆண்டு விழாவில் தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்பு, வாய் கோணி, ஒரு கண் மூடி, மூக்கு விடைத்திருந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் அவனைப் படம் பிடித்தான். மாலைக்குள் அந்த முகம் மட்டும் வெட்டப்பட்டு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் அதிகமென்றால் அந்த முகம். மழை பெய்தும் விடுமுறை இல்லையென்றால் அந்த முகம். அங்கிருந்து டியூஷன் குழுவுக்குப் போய், குடியிருப்போர் குழுவுக்கும் குடிபெயர்ந்தது. தண்ணீர் லாரி வராது என்று செயலாளர் அறிவித்தால், அதன் கீழே வரிசையாக அந்த முகம். கடைசியில் சொந்தக்காரர்களின் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. ஊரிலிருக்கும் பாட்டி, பேரன் முகம் போனில் வருகிறதே என்று பூரித்து, காலை வணக்கம் முதல் காதுகுத்து வாழ்த்து வரை அதையே அனுப்பினார். பதினாறாம் நாள் காரிய அழைப்புக்கும் பாட்டியின் பதில் அந்தத் தும்மல் முகம்தான்!

சிரிக்கிறீர்கள். அந்தப் பையனோ கொரோனா ஓய்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். மதியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கவசத்தைத் தாடைக்கு இறக்கி ஒரு வாய் சோறு போட்டதும் மறுபடி ஏற்றிக்கொள்கிறான். அண்ணன் சொன்னபடி அவன் போனை அணைக்கட்டும். வகுப்பிலுள்ள மற்ற நாற்பது பேரின் போன்களை யார் அணைப்பது? உங்கள் பட்டப்பெயர் மணியடித்ததும் பள்ளி வாசலோடு நின்றது அண்ணே. இது, படமெடுத்தவனே வருந்தி அழித்தாலும் அழியாமல் ஆளாளுக்குச் சேமித்துவைத்திருக்கும் முகம். அந்தக் காலக் கேலியும் அப்படியொன்றும் சாதுவானதல்ல. ராகிங்கையும் ‘பக்குவப்படுத்துவது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்ட பிறகுதான், 1997இல் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது.

2024இல் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளிவந்ததும், மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவர் முகத்து ரோமத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்திருந்தால் இந்தக் கேலிக்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்ற பொருள்பட அவர் பேட்டி கொடுத்தார். முதலிடம் பெற்ற பிள்ளையை இப்படிப் பேசவைப்பதற்குப் பெயர் பக்குவமா?

புகார் கொடுக்க சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், பிள்ளை முதலில் வீட்டில் வாய் திறக்க வேண்டுமே! சொன்னால் அப்பா பறிப்பது கேலி செய்தவனின் போனையல்ல, தன் போனைத்தான் என்று தெரிந்த பிள்ளை எப்படிச் சொல்லும்? அண்ணனின் அறிவுரை அடிபட்டவனுக்கே விதிக்கும் அபராதம்.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். நிலாவைக் காட்டிச் சோறூட்டி, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்து நீங்கள் வளர்த்த முகம் அது. அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே உங்கள் பிள்ளை கூசும்போது, “எல்லாம் உன் பக்குவத்துக்குத்தான் கண்ணு” என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்பவர்கள் கை தூக்குங்கள். ஒரு கை உயர்ந்தாலும் நடுவர் அவர்கள் தீர்ப்பை அண்ணனுக்கே எழுதிவிடட்டும்.