ஆடிக்கிட்டே சொல்லிக்குடுத்த ழான் கலியா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பிளேயரா இருந்து கோச் ஆனவங்கள பத்தி பேச கூப்பிட்டாங்க, எனக்கு உடனே ஞாபகம் வந்தது பிரான்ஸ்காரர் ழான் கலியாதான். வழக்கமா ஒருத்தர் வருஷக்கணக்கா ஆடி, முட்டி தேஞ்சு, அப்புறம்தான் கோச் ஆவார். கலியா கதை அப்படி இல்ல, ரக்பி லீக்ங்கற 13 பேர் ரக்பிய ஆட ஆரம்பிச்சப்பவே அவர் கோச்சும் ஆக வேண்டியதாயிடுச்சு, ஏன்னா அந்த ஆட்டமே பிரான்ஸ்ல அதுவரைக்கும் கிடையாது.

1905ல தெக்கு பிரான்ஸ்ல இல் சுர் தெத்ங்கற ஊர்ல பொறந்தவர். நல்ல வாட்டசாட்டமான ஆள், பாக்ஸிங்கும் போடுவார். மொதல்ல ஆடுனது ரக்பி யூனியன், அதாவது ஒரு பக்கம் 15 பேர் ஆடுறது. நாட்டுக்காக 20 மேட்ச் ஆடிருக்கார், 1929ல கியான்ங்கற குட்டி ஊரோட டீம் நேஷனல் சாம்பியன் ஆனப்பவும் அதுல இருந்தார். அந்த டீமுக்கு காசு போட்டது ஒரு தொப்பி ஃபேக்டரி முதலாளி. யூனியன்ல காசு வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருந்தாலும் பல கிளப்ல உள்ளுக்குள்ள கை மாறிட்டுதான் இருந்துச்சு, ஆனா வேற டீம் ஆளுங்கள காசு காட்டி இழுத்தார்னு கலியா மேல புகார் வந்ததும் அவர தள்ளி வச்சுட்டாங்க. என்னை கேட்டா அது அநியாயம், பலபேர் பண்ணுனத ஒருத்தர் தலையில கட்டிட்டாங்க.

அந்த நேரத்துலதான் 1933 டிசம்பர் 31ல பாரிஸ் பெர்ஷிங் மைதானத்துல ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ரக்பி லீக்க ஆடிக் காமிச்சாங்க, 63-13னு ஆஸ்திரேலியா ஜெயிச்சுது. ரெண்டு மாசம் கழிச்சு பார்த்தா கலியா 17 பேர கூட்டிக்கிட்டு இங்கிலாந்து கிளம்பிட்டார்! யூனியன்ல ஊறிப்போன பசங்க அவங்க. யூனியன்ல ஒருத்தன் டாக்கிள் ஆகி, அதாவது எதிராளி பிடிச்சு சாய்ச்சு, விழுந்தா எல்லாரும் மேல பாய்ஞ்சு பந்துக்கு அடிச்சுப்பாங்க, லீக்ல அது கூடாது, விழுந்தவன் எந்திரிச்சு பந்த தரையில வச்சு காலால பின்னாடி தள்ளணும், ஆட்டம் நிக்காம ஓடும், பந்து வெளிய போனா ரெண்டு டீமும் வரிசையா நின்னு தாவிப் பிடிக்கிற லைன் அவுட் கிடையாது, 13 பேர்தான்ங்கறதால மைதானம் பெருசா தெரியும், மூச்சு வாங்கிடும். இதையெல்லாம் கலியா தானும் அப்பதான் கத்துக்கிட்டு, மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுத்து, கேப்டனா உள்ள எறங்கி ஆடவும் செஞ்சார். இத நினைச்சா இன்னைக்கும் எனக்கு மலைப்பாத்தான் இருக்கு.

மொத மேட்ச் மார்ச் 10, விகன் கூட. விகன் அப்பவே பெரிய டீம், 30-27ல தோத்தாங்க, மூணே பாயிண்ட்! மொத்தம் ஆறு மேட்ச், அதுல ஹல் டீம 26-23னு ஜெயிச்சாங்க. ஒரு ஜெயிப்புதானேன்னு நினைக்காதீங்க, பால்குடி மறக்காத டீம் அது.

திரும்பி வந்ததும் ஏப்ரல்ல பிரான்ஸ்ல லீக் அமைப்பு உருவாச்சு, அதே மாசம் 15ஆம் தேதி பாரிஸ்ல இங்கிலாந்து கூட மொத இன்டர்நேஷனல், 32-21 தோல்வி. அடுத்த வருஷமே கலியாவோட வில்நூவ் டீம் மொத சாம்பியன். 1937ல துலூஸ் ஒலிம்பிக் கிளப்ப தொடங்குனதுலயும் அவர் பங்கு பெருசு. 1939 பிப்ரவரில பிரான்ஸ் இங்கிலாந்துக்கே போய், செயின்ட் ஹெலன்ஸ்ல 12-9னு அவங்கள தோக்கடிச்சுட்டு வந்துச்சு. அஞ்சே வருஷம்தான் ஆகியிருந்துச்சு அந்த ஆட்டம் அங்க வந்து.

அப்புறம் போர் வந்துச்சு. ஜெர்மனிகிட்ட தோத்தப்புறம் பிரான்ஸ்ல வந்த விஷி அரசாங்கம் 1941 டிசம்பர்ல ரக்பி லீக்க தடை பண்ணி, அமைப்போட சொத்தையும் பிடுங்கிடுச்சு. போர் முடிஞ்சு ஆட்டம் திரும்ப வந்தப்ப ரக்பிங்கற பேர வச்சுக்க விடல, வெறும் பதிமூணு பேர் ஆட்டம்னுதான் சொல்லணும், 1990கள் வரைக்கும் அந்த நிலைமைதான், இத படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

கலியா அதையெல்லாம் முழுசா பாக்கல. 1949 ஜனவரில துலூஸ்ல இறந்துட்டார், 43 வயசு. அவர் தொடங்கி வச்ச துலூஸ் ஒலிம்பிக் 2022ல இங்கிலாந்தோட மேல்மட்ட ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீக்ல ஆடுச்சு, அவர் மொத மேட்ச் ஆடுன அதே விகன் கூடவும்.