டிரேட் டெட்லைன்: ராக்கீஸ் ஏன் யாரையும் விற்க மாட்டேன் என்கிறது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு பேஸ்பால். கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்கள் ஓடிவிட வேண்டாம், ரூல்ஸ் சொல்லிக் கழுத்தறுக்கப் போவதில்லை. மைதானத்தில் ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, ஆபீஸில் உட்கார்ந்து அவர்களை வாங்கி விற்கிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம் ஆட்கள் எப்படிச் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது ஐபிஎல் இல்லாத நவம்பர் மாதம். மேஜர் லீக் பேஸ்பாலில் இதே கூத்து சீசன் நடுவில், ஜூலை கடைசியில் (சில வருடம் ஆகஸ்ட் தொடக்கத்தில்), அணிகள் தினமும் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். அதற்கான கடைசி நாள்தான் டிரேட் டெட்லைன். நேற்று இந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர் நாளை எதிர் டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பார்.

2024 இல் டேனி ஜான்சன் என்ற கேட்சருக்கு (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் மாதம் டொரன்டோ அணிக்காக பாஸ்டனில் பேட் பிடித்துக்கொண்டிருக்கிறார், மழை வந்து ஆட்டம் நின்றுவிடுகிறது. அதை ஆகஸ்ட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இதற்கிடையில் ஜூலையில் அவரை பாஸ்டன் வாங்கிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது, அவர் பாதியில் விட்ட அதே பேட்டிங்கை வேறொருவர் ஆட, இவர் பாஸ்டன் சட்டையில் பின்னால் கேட்சராக உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம். ஜூலை வரும்போது யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்று ஓரளவு தெரிந்துவிடும். தேறாத அணியில் ஒரு நல்ல ஆட்டக்காரர் இருக்கிறார், அவருடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது என்று வையுங்கள். சும்மா வைத்திருந்தால் நவம்பரில் கிளம்பிப் போய்விடுவார். அதனால் ஜூலையிலேயே கோப்பைக்கு ஓடுகிற அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களுடைய மைனர் லீக்கில் (இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கிற கீழ்மட்ட அணிகள்) இருக்கிற 19, 20 வயதுப் பையன்கள் இரண்டு மூன்று பேரை வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் தேறினால் மூன்று நான்கு வருடம் கழித்து அணி எழுந்து நிற்கும். இதுதான் கணக்கு, இதில் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது.

இந்தக் கணக்கைப் போட மறுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கொலராடோ ராக்கீஸ். டென்வர் நகரத்து அணி.

ரசிகர்கள் பொதுவாகக் கோபப்படுவது விற்கும்போதுதான். பிடித்த ஆளைக் கொடுத்துவிட்டார்களே என்று சட்டையை எரிக்கிறவர்கள் எல்லாம் உண்டு. நான் சொல்ல வருவது என்னவென்றால், தோற்கிற அணிக்கு நிஜமாக ஆப்பு வைப்பது விற்காமல் விட்ட டிரேடுகள்தான். அவை செய்தியில் வராது, யாரும் அழுவதில்லை, அதனால் யாரும் கணக்குக் கேட்பதும் இல்லை.

2021 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கீஸில் ட்ரெவர் ஸ்டோரி என்று ஒரு ஷார்ட்ஸ்டாப் (ஃபீல்டிங்கில் ஒரு முக்கியமான இடம்), ஜான் கிரே என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். இரண்டு பேருக்கும் அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அணி எங்கும் போகப்போவதில்லை என்று ஜூலையிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆட்களை வாங்கி விற்கிற ஜெனரல் மேனேஜர் ஏப்ரலில்தான் பதவி விலகியிருந்தார், பில் ஷ்மிட் தற்காலிகமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். டெட்லைன் வந்தது, போனது, இரண்டு பேரும் அங்கேயே இருக்கிறார்கள். தனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று ஸ்டோரியே வெளிப்படையாகச் சொன்னார், பாவம். அப்புறம் என்ன, ஸ்டோரி 14 கோடி டாலருக்கு பாஸ்டன் போனார், ராக்கீஸுக்கு ஒரு டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது புதுப் பையன்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, மட்டும் கிடைத்தது. கிரே 5.6 கோடி டாலருக்கு டெக்ஸாஸ் போனார். அவருக்குப் பதிலாக அந்த டிராஃப்ட் வாய்ப்பு கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்குத் தேவையான ஒரு வருட ஆஃபரைக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. 2023 உலக சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர், மூன்றாவது ஆட்டம். டெக்ஸாஸின் மேக்ஸ் ஷெர்சர் முதுகு வலியால் மூன்று இன்னிங்ஸோடு (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) வெளியேறுகிறார். அந்த ஷெர்சரே அதே வருடம் ஜூலையில் நியூயார்க் மெட்ஸிடமிருந்து டிரேடில் வந்தவர். அவருக்குப் பதில் உள்ளே வந்து மூன்று இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசியது யார்? ஜான் கிரே. டெக்ஸாஸ் அந்த ஆட்டத்தையும் கோப்பையையும் ஜெயித்தது. அந்த ராத்திரி டென்வரில் டிவி பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு தடவை தவறிவிட்டது என்று விடலாம். 2022 ஜூலையில் டேனியல் பார்ட், 37 வயது, ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற குளோசர், அட்டகாசமாக வீசிக்கொண்டிருக்கிறார். கோப்பைக்கு ஓடுகிற அணிகள் ஜூலையில் முதலில் தேடுவதே இப்படிப்பட்ட ஆளைத்தான். ராக்கீஸ் என்ன செய்தார்கள்? விற்கவில்லை, இன்னும் இரண்டு வருடத்துக்கு 1.9 கோடி டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தோற்கிற அணிக்கு 37 வயதுக் குளோசர் எதற்கு? ஜெயிக்கிற ஆட்டமே இல்லாதபோது அவர் எதை முடித்துக்கொடுப்பார்? அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது வருடம் காயத்தால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. பார்ட் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆட்டத்தை விட்டே போய்விட்டு பல வருடம் கழித்துத் திரும்பி வந்த மனிதர். குறை எல்லாம் அந்தக் கையெழுத்தை வாங்கியவர்கள் மேல்.

ஏன் இப்படி என்று கேட்டால் ராக்கீஸ் ரசிகர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்றில் பந்து பறக்கிறது, வளைகிற பந்து வளைவதில்லை, எந்த நல்ல பிட்சரும் இங்கே விரும்பி வர மாட்டான், அதனால் இருக்கிறவர்களை விட்டுவிடக் கூடாது என்று சொல்லும். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இன்னொரு கட்சி நேராக உரிமையாளர் டிக் மான்ஃபோர்டைக் கைகாட்டும். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. 2020 சீசனுக்கு முன் தன் அணி 94 ஆட்டம் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். கொரோனாவால் சீசன் 60 ஆட்டமாகச் சுருங்கியது, அதில் ஜெயித்தது 26. தன் அணி மேல் பாசம் இருக்கிற முதலாளிதான், ஆனால் பாசத்தில் கண் தெரியவில்லை. அணியின் நட்சத்திரம் நோலன் அரெனாடோவுக்கு 2019 இல் 26 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, இரண்டே வருடத்தில், கூடவே ஏறக்குறைய 5 கோடி டாலரையும் கையில் கொடுத்து செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவைத்தார்கள். விற்கும்போதும் காசு கொடுத்து விற்ற கதை அது.

இன்னொன்று, ராக்கீஸ் ஆடுகிற கூர்ஸ் ஃபீல்ட் அழகான மைதானம். கோடை மாலையில் தூரத்தில் ராக்கி மலை தெரியும், ஊர் சனம் பீர் குடிக்க வந்துவிடும், அணி ஜெயித்தால் என்ன தோற்றால் என்ன. 2025 இல் 162 இல் 119 ஆட்டம் தோற்றார்கள், அந்த வருடமும் 20 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் போனது. கூட்டம் பெரிதாகக் குறையவில்லை என்றால் முதலாளிக்கு என்ன அவசரம் சொல்லுங்கள்.

அந்த 2025 ஐ நினைத்தாலே தலை சுற்றுகிறது. சீசன் தொடங்கி மே 11 வரை 7 வெற்றி, 33 தோல்வி. ஒரு ராத்திரி சான் டியேகோவிடம் 21-0 என்று தோற்றார்கள். அடுத்த நாள் ஜெயித்தார்கள், ஜெயித்த அன்றைக்கே மேனேஜர் (நம் ஊர் கோச் மாதிரி) பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! ஜூலையில் ஒருவழியாக ரயன் மெக்மானை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள், கிடைத்தது இரண்டு மைனர் லீக் பிட்சர்கள். அதே மெக்மான் 2024 இல் ஆல்ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானவர். மதிப்பு உச்சத்தில் இருந்த அந்த வருடம் அவரை அசைக்கவில்லை, ஒரு வருடம் கழித்து இறங்கிய விலைக்குக் கொடுத்தார்கள்.

தோற்கிற அணிகள் ஏன் தயங்குகின்றன என்பதற்கு லீக்கின் விதியும் ஒரு காரணம். 2022 முதல் பிளேஆஃபுக்கு 12 அணிகள். 2023 இல் அரிசோனா 84 ஆட்டம் மட்டும் ஜெயித்து, தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்து, உலக சீரிஸ் வரை போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு பாதி அணிகளுக்கு ஜூலையில் நாமும் போகலாமே என்று ஆசை வந்துவிடுகிறது.

அந்த ஆசையில் முழுசாக மாட்டியது அதே 2023 இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ். கையில் ஷோஹெய் ஒஹ்டானி, பந்தும் வீசி பேட்டும் பிடிக்கிற சூப்பர் ஸ்டார், ஒப்பந்தம் முடியப்போகிறது. விற்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். இதை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். முடிவு வெளியே தெரிந்த மறுநாள், ஜூலை 27, டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஒஹ்டானி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து முழு ஆட்டத்தையும் தானே வீசி ஜெயித்தார், இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த மனிதரை எந்தக் கையால் விற்பது! எனக்குப் பொறுக்காதது அதற்கு முந்தைய நாள் நடந்தது. சில வாரத்துக்கு மட்டும் உதவக்கூடிய லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோப்பஸையும் வாங்குவதற்காக எட்கர் கெரோ என்ற இளம் கேட்சரையும், கை புஷ் என்ற பிட்சரையும் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் வரிசையாக ஏழு தோல்வி. 23ஆம் தேதி ஒஹ்டானியின் முழங்கையில் தசைநார் கிழிந்தது. 29ஆம் தேதி ஜியோலிட்டோ, லோப்பஸ் உட்பட ஆறு பேரை வேவர்ஸில் போட்டார்கள், அதாவது மீதிச் சம்பளத்தைக் கொடுக்கிறவர்கள் சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாசலில் வைத்துவிட்டார்கள், சம்பள வரி வரம்புக்குக் கீழே வருவதற்காக. ஒரு மாதம் முன்பு எதிர்காலத்தைக் கொடுத்து வாங்கிய ஆட்கள்! டிசம்பரில் ஒஹ்டானி 70 கோடி டாலருக்கு அதே ஊர் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார், போய் 2024, 2025 இரண்டு கோப்பையும் தூக்கிவிட்டார்.

இங்கே என் நண்பர் ஒருவர் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்: சரி, ஆளை விற்ற வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி என்ன கிழித்தது? நியாயமான கேள்வி. அவர்களுடைய நட்சத்திரம் ஹுவான் சோட்டோ 15 வருடம், 44 கோடி டாலர் வேண்டாம் என்று சொன்னதும், 2022 ஆகஸ்ட்டில் ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ அவரை சான் டியேகோவுக்கு விற்றார். வந்தவர்களில் ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட் மூன்று பேரும் பின்னால் ஆல்ஸ்டார் ஆனார்கள். இதைவிட நல்ல விற்பனை இந்தப் பத்து வருடத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் 2025 இல் 96 தோல்வி, ஜூலையில் ரிஸ்ஸோவையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நண்பர் இதைச் சொல்லிச் சிரிப்பார். நான் கேட்பது, அது டிரேடின் குற்றமா? ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பிட்சருக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, அதற்குப் பிறகு அவர் வீச முடிந்தது எட்டே ஆட்டம். இந்த மூன்று பையன்களைச் சுற்றி ஆள் சேர்க்க முதலாளி பெரிதாகச் செலவும் செய்யவில்லை. விற்காமல் இருந்திருந்தால் அதே 96 தோல்வி இருந்திருக்கும், அந்த மூன்று பேர் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள். சோட்டோ எப்படியும் போயிருப்பார், 76.5 கோடி டாலருக்குக் கடைசியில் மெட்ஸுக்குத்தானே போனார்.

இப்போது ராக்கீஸில் பில் ஷ்மிட் போய்விட்டார். ஏறக்குறைய பத்து வருடம் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்த பால் டிபோடெஸ்டாவை 2025 நவம்பரில் அணியை நடத்தக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவருக்கு முன்னால் இருக்கிற முதல் பெரிய கேள்வி ஹன்டர் குட்மேன். கேட்சர், 2025 இல் 31 ஹோம் ரன், ஆல்ஸ்டார், சம்பளமும் இப்போதைக்குக் குறைவு. பாதி லீக் அவருக்காக வரிசையில் நிற்கும். டென்வர் ரசிகர்களுக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தையும் பிடுங்குகிறாயே என்று திட்டினாலும் பரவாயில்லை, நானாக இருந்தால் விற்பேன், மூன்று பையன்களுக்குக் குறையாமல், அதில் இரண்டு பேர் பிட்சர். மான்ஃபோர்ட் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். நீங்கள் விற்பீர்களா, விற்றால் யாரிடம் யாரைக் கேட்பீர்கள், பெயரோடு சொல்லுங்கள். அடுத்த வீடியோவில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், அவர்களுடைய பிட்சர் பால் ஸ்கீன்ஸ். அந்தச் சண்டை இதைவிடப் பெரியது. வரட்டா.