கிளட்ச் கவரில் ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு விளக்கு

வணக்கம் நண்பர்களே. பேசுவதற்கு முன்னால் ஒரு இருபது விநாடி இதை மட்டும் பாருங்கள். வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கிறது, வலது பக்கக் கிளட்ச் கவரில் வட்டமாக ஒரு ஜன்னல், உள்ளே தேன் நிறத்தில் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஆயிலை வாரி இறைத்துக்கொண்டு சுற்றுகிறதே, அதுதான் கிளட்ச். இத்தனை வருடமாக லீவரைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது இப்போதுதான். எனக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை.

சரி, எஞ்சினை அணைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. இந்த ஜன்னலையும் விளக்கையும் எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

டுகாட்டி 916 பைக் மாதிரி டிரை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையில் பாதி கிடையாது. அதில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, காற்றில் சுற்றுகிறது, கவரை வெட்டித் திறந்தே விட்டாலும் ஒரு சொட்டு ஒழுகாது. நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது வெட் கிளட்ச். எஞ்சின் ஆயிலிலேயே பிளேட்டுகள் ஊறிக்கிடக்கும், அந்த ஆயில் நன்றாக ஓட்டிய பிறகு 90, 100 டிகிரியைத் தாண்டும், பிளேட்டுகளைச் சுற்றியிருக்கிற கூடை மாதிரியான பாஸ்கெட் அதை ஓயாமல் கவரின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆக நாம் வைக்கப்போகிற ஜன்னல் சூட்டையும் ஆயிலையும் ஒன்றாகத் தாங்க வேண்டும்.

இதோ என் கையில் இருப்பது நான் முதலில் செய்த ஜன்னல். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இந்த போல்ட் ஓட்டையைப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி மாதிரி மெல்லிய கோடுகள் வெளியே ஓடுகின்றன, வெளிச்சத்தில் சாய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். எட்டு ஓட்டையிலும் இதே கதைதான். இது பாலிகார்பனேட், அதாவது ஹெல்மெட் வைசர் செய்கிற அதே சரக்கு, சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் உடையாது. போட்டு மூன்றே நாளில் இப்படி ஆகிவிட்டது. போல்ட்டை ரொம்ப முறுக்கிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். உண்மையான காரணம் இரண்டு, இரண்டுமே நான் அப்போது யோசிக்காதவை.

முதல் காரணம், போல்ட் கழலாமல் இருப்பதற்காகத் தடவுகிறோமே திரெட் லாக்கர், அது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அது நல்ல நண்பன், பாலிகார்பனேட்டுக்கு விஷம். இறுக்கத்தில் இருக்கிற பாலிகார்பனேட்டின் மேல் அந்தத் திரவம் பட்டால் விரிசல் விடும். பெட்ரோலும் பிரேக் கிளீனரும் அப்படித்தான், அசிட்டோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவரைக் கழுவும்போது பழக்கதோஷத்தில் பிரேக் கிளீனர் அடித்துவிடாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

இரண்டாவது காரணம் சூட்டில் விரிவது, இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அலுமினியமும் சூட்டில் விரியும், பாலிகார்பனேட்டும் விரியும், ஆனால் பாலிகார்பனேட் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக விரியும். என் ஜன்னல் 120 மி.மீ. விட்டம். காலையில் 25 டிகிரியில் இருக்கிற வண்டி ஓடி 105 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 80 டிகிரி ஏற்றம். அந்த 120 மி.மீ. வட்டம் கிட்டத்தட்ட 0.65 மி.மீ. விரியும். அதைச் சுற்றியிருக்கிற அலுமினியம் விரிவது 0.22 மி.மீ. மட்டும். மிச்சம் 0.4 மி.மீ.க்கு மேல் இருக்கிறதே, அது எங்கே போகும்? போல்ட் போட்டு நான்கு பக்கமும் கட்டிவைத்துவிட்டால் ஓட்டைகளைத்தான் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு முறை வண்டி சூடாகும்போதும் ஒரு இழுப்பு, ஆறும்போது ஒரு இழுப்பு.

அதனால் இரண்டாவது ஜன்னலில் ஒரு ஓட்டைகூட இல்லை. கவரில் வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பில் உள்பக்கமாக ஒரு படி கடைந்தோம், அந்தப் படியின் மேல் 10 மி.மீ. தடிமனுள்ள வட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி. அதற்கு மேலே ஒரு அலுமினிய வளையம், போல்ட் எல்லாம் அந்த வளையம் வழியாகக் கவருக்குள் இறங்குகிறது, ஜன்னலைத் தொடுவதே இல்லை. அந்தப் படிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓ-ரிங். ஜன்னல் விரியலாம், சுருங்கலாம், ஓ-ரிங்கின் மேலேயே லேசாக நகர்ந்துகொள்ளும், ஆயில் வெளியே வராது. ஓ-ரிங் வாங்கும்போது வைட்டான் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிப் பக்கத்திலேயே நாளாக நாளாகக் கெட்டியாகிவிடும், வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். வெளிப்பக்கம் வளையத்துக்கு அடியில் மெல்லிய சிலிகான் ஷீட் ஒன்று, கடகடவென்று ஆடாமல் இருக்க.

ஏன் அக்ரிலிக் போடக்கூடாது, அதுதானே இன்னும் தெளிவாக இருக்கும் என்று கேட்பீர்கள். தெளிவுதான். ஆனால் 105 டிகிரிப் பக்கம் வந்தால் அக்ரிலிக் இளக ஆரம்பித்துவிடும், நம் ஆயில் போய் நிற்பதும் அங்கேதான். பாலிகார்பனேட் இளகுவது 145 டிகிரிப் பக்கம்தான். டெம்பர்டு கிளாஸ் சூட்டுக்குப் பிரமாதம், ஆனால் ரோட்டில் தெறித்து வருகிற ஒரு கல் விளிம்பில் பட்டால் மொத்தமும் தூளாகிவிடும், தூள் போய் விழுவது கியர்களுக்கு நடுவே. எனக்கு அதில் துணிவில்லை.

இப்போது சொல்வதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். கவரை வெட்டுவதற்கு முன்னால் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இதோ, ஒரு ஓரத்திலிருந்து, பிஸ்டன் சுழற்றுகிற தண்டான கிராங்கின் முனை வரைக்கும் தடித்த நரம்பு மாதிரி ஒன்று ஓடுகிறதா? நிறைய சிங்கிள் சிலிண்டர் வண்டிகளில் இது வெறும் பலத்துக்காக வார்த்தது கிடையாது, உள்ளே குழாய் இருக்கிறது. பம்பிலிருந்து வருகிற ஆயில் இந்தக் கவர் வழியாகத்தான் கிராங்க் முனைக்குப் போய், அங்கிருந்து கனெக்டிங் ராடின் பெரிய பேரிங்குக்குப் போகிறது. ஜன்னலுக்காக இதை வெட்டிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், கொஞ்ச தூரத்திலேயே பேரிங் போய்விடும். ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்து, மார்க்கரால் கவரின் வெளிப்பக்கம் அந்தப் பாதையை வரைந்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அந்தக் கோடு ஜன்னலின் கீழ் விளிம்புக்கு 9 மி.மீ. தள்ளிப் போயிற்று, அதற்குப் பிறகுதான் எனக்கு நிம்மதி. சில வண்டிகளில் கிளட்சைத் தள்ளுகிற கை கவரிலேயே இருக்கும், சிலவற்றில் கிக்கர் ஷாஃப்ட் நடுவில் வரும். அந்த வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம்.

கடைசலுக்குக் கொடுக்கும்போது உங்கள் ஒரிஜினல் கவரைக் கொடுக்காதீர்கள், பழைய கவர் ஒன்று வாங்கி அதில் செய்யுங்கள். மனம் மாறினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்ததும் அந்த ஆயில் துளைகளுக்குள் அலுமினியத் தூள் ஒன்றுகூட இல்லாமல் காற்றடித்துக் கழுவ வேண்டும். வெல்டிங் வைத்திருந்தால் கேஸ்கெட் உட்காரும் முகம் சூட்டில் வளைந்திருக்கலாம். தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்கேயாவது உள்ளே நுழைகிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

சரி, விளக்குக்கு வருவோம். நிறையப் பேர் எல்இடி ஸ்ட்ரிப்பை கவருக்குள்ளேயே ஒட்டிவிடுகிறார்கள். சூடான ஆயிலில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும்? ஒரு நாள் பிய்ந்து வந்தால் நேராக கிளட்ச் கியரில் மாட்டும். நான் விளக்கை உள்ளே வைக்கவே இல்லை. மேலே இருக்கிற வளையத்தின் உள்சுற்றில் ஒரு பள்ளம் கடைந்து, ஸ்ட்ரிப்பை அதில் பதித்து, ஜன்னலின் விளிம்பைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். ஆயிலுக்கும் அதற்கும் நடுவே ஓ-ரிங் இருக்கிறது. வெளிச்சம் ஜன்னலின் விளிம்பு வழியாக உள்ளே நுழைகிறது, விளிம்பை மட்டும் பாலிஷ் செய்து கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறேன்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பாலிகார்பனேட்டுக்குள் நுழைந்த வெளிச்சம், அந்தப் பக்கம் காற்று இருந்தால் சுலபத்தில் வெளியேறாது, உள்ளேயே மோதி மோதிப் போகும். ஆனால் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற ஒளிவிலகல் எண் ஆயிலுக்குக் கிட்டத்தட்ட 1.47, பாலிகார்பனேட்டுடையது 1.58, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அதனால் எங்கெல்லாம் ஆயில் ஜன்னலைத் தொடுகிறதோ அங்கெல்லாம் வெளிச்சம் தப்பித்து ஆயிலுக்குள் இறங்குகிறது. எஞ்சின் நிற்கும்போது பாருங்கள், கீழே ஆயில் மட்டம் வரைக்கும்தான் பிரகாசம், மேலே மங்கல். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அடிபட அடிபட ஜன்னல் முழுவதும் ஓடியாடி ஒளிர்கிறது. கலர் பல்பு எதுவும் இல்லை, வார்ம் ஒயிட்தான். அந்தத் தேன் நிறம் ஆயில் கொடுத்தது. ஆயில் பழசாகிக் கறுத்தால் இந்த நிறமும் இருட்டும்.

வயரிங் சின்ன வேலை. 12 வோல்ட் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்இடி, 4.8 வாட் வகை. மூன்று மூன்று எல்இடியாகத்தான் வெட்ட முடியும், எனக்கு 35 செ.மீ., 21 எல்இடி தேவைப்பட்டது, மொத்தமே 1.7 வாட். இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரிலிருந்து எடுத்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இதில் உண்டு. 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் வண்டி ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரும். மூன்று எல்இடி 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி மூன்றுதான் ரெசிஸ்டருக்கு. வண்டி ஓடும்போது அந்த மூன்று, ஐந்துக்கு மேல் ஆகிவிடும், கரண்ட் கிட்டத்தட்ட இரு மடங்காகும். பக்கத்திலேயே எஞ்சின் சூடு வேறு. எல்இடி சீக்கிரம் மங்கிப்போவது இதனால்தான். சின்ன ரெகுலேட்டர் ஒன்று வைத்து 11 வோல்ட்டில் நிறுத்திவிட்டேன், வெளிச்சம் தாராளமாகப் போதும். விட்டு விட்டு எரிந்து வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர் வேண்டாம், அந்தத் துடிப்பில் சுற்றுகிற கிளட்ச் நின்றுவிட்டது போலவோ பின்னோக்கிப் போவது போலவோ தெரியும். இப்போது வீடியோவில் உங்களுக்கு அப்படித் தெரிந்தால் அது கேமராவின் வேலை, நேரில் அப்படி இல்லை. மினுக்கும் சிவப்பும் நீலமும் பல ஊர்களில் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் உரியவை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வண்டியில் மாட்டுவதற்கு முந்தைய இரவு, கவரை ஜன்னல் கீழே இருக்கும்படி இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, சூடாக்கிய ஆயிலை உள்ளே ஊற்றி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் காகிதத்தைத்தான். ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கவரை மாட்டும்போது ஆயிலை முழுதாக வடிக்கத் தேவைப்படவில்லை, சைடு ஸ்டாண்ட் இடது பக்கம் சாய்ப்பதால் வலது பக்கத்திலிருந்து கொஞ்சம்தான் வழிந்தது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பேசிவிடுவோம். ரேஸ் வண்டிகளில் எஞ்சின் கவருக்கு மேல் இன்னொரு பாதுகாப்புக் கவர் போடச் சொல்வது, ஆயில் ரோட்டில் கொட்டினால் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள் என்பதற்காக. நம் பின் டயரும் அதே ஆயிலில்தான் ஓடும். அதனால் வளையத்தை ஜன்னலைவிட 3 மி.மீ. உயரமாக வைத்தேன், தரையைத் தொடுவது வளையமாக இருக்கட்டும். கிராஷ் கார்டும் போட்டிருக்கிறேன். அது இல்லாத வண்டியில் இந்த ஜன்னலை நான் வைக்க மாட்டேன்.

சரி, மறுபடி ஸ்டார்ட் செய்கிறேன். ஐடில் 1,400 சுற்று, எஞ்சினிலிருந்து கிளட்சைச் சுற்றுகிற பிரைமரி கியர் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, ஆகவே கிளட்ச் விநாடிக்கு எட்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. இப்போது கேமரா ஜன்னலை மட்டும் பார்க்கட்டும். லீவரைப் பிடிக்கிறேன். பார்த்தீர்களா, பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் லேசாக வெளியே வந்தது, நகர்ந்தது ஒரு நாணயத்தின் தடிமன் அளவுதான். அப்படியே ஃபர்ஸ்ட் கியர். நடுவில் இருக்கிற, கியரைச் சுற்றுகிற ஹப்பும் ஸ்பிரிங்குகளும் அப்படியே நின்றுவிட்டன, சுற்றியிருக்கிற பாஸ்கெட் மட்டும் ஓடுகிறது. மெதுவாக லீவரை விடுகிறேன், வண்டியை பிரேக்கில் பிடித்துக்கொள்ளாமல் கூடவே நடக்கிறேன். இதோ, ஹப் தயங்கித் தயங்கி நகர்கிறது, பாஸ்கெட்டைத் துரத்துகிறது, இன்னும் கொஞ்சம், இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. இதைத்தான் இத்தனை நாள் நாம் பைட்டிங் பாயிண்ட் என்று விரலால் மட்டும் தெரிந்துவைத்திருந்தோம்.