ஒரு புடவை நீளப் புத்தகம்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருப்பதால் ஓட்டின்மேல் விழும் சத்தம் இடையிடையே ஒலிப்பதிவில் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒளிப்படம், உடை, வடிவமைப்பு ஆகியவை பற்றி அண்மை ஆண்டுகளில் வந்த நூல்களையும் நடந்த கண்காட்சிகளையும் குறித்துப் பேசும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். வந்தவை அனைத்தையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரேயொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சிலவற்றை மட்டும் பார்க்கப் போகிறேன். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு புடவையை ஒரு நூலோ ஒரு கண்காட்சியோ எப்படிக் காட்டுகிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

இது எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. திருபுவனத்தில் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் உட்காரும் பெரியவர் ஒருவரிடம், வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று வெளியிட்ட உடைக் கண்காட்சி நூலைக் கொண்டுபோய்க் காட்டினேன். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் முழுப்பக்கப் படம். தலையில்லாத பொம்மைக்கு உடுத்திய பட்டுப்புடவை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், "ஏம்மா, முந்தி எங்க?" என்றார். முந்தி பொம்மையின் முதுகுப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். படத்தில் அது இல்லை. அதன்பின் அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த படத்தைப் பார்ப்பதற்காக அல்ல, அதே புடவையின் உள்பக்கத்தைப் பார்ப்பதற்காக. தறிக்காரர் கை துணியைத் திருப்பித்தான் பார்க்கும். ஜரிகை அந்தப் பக்கம் எப்படி ஓடியிருக்கிறது, கரையும் உடலும் சேருமிடத்தில் கோர்வை சுத்தமாக விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். புரட்டிய பக்கத்திலோ யாரோ ஒருவருடைய மேலங்கி இருந்தது. "இது வேற" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாளிலிருந்து எந்த உடைக் கண்காட்சியின் படத்தைப் பார்த்தாலும் நானும் முந்தியைத் தேடுகிறேன். 2023-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் பிரியா கான்சந்தானி தொகுத்தளித்த புடவைக் கண்காட்சியில் ஏறத்தாழ அறுபது புடவைகள் இடம்பெற்றன. எஃகு இழையால் செய்த புடவையும், நைந்த டெனிம் புடவையும், நியூயார்க்கின் மெட் காலா விருந்துக்கு அணியப்பட்ட, வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் புடவையும், பெண்கள் மீதான கொடுமைகளை எதிர்க்கும் உத்தரப்பிரதேசத்தின் குலாபி கேங் குழுப் பெண்கள் உடுத்தும் இளஞ்சிவப்புப் புடவையும் ஒரே கூரையின் கீழ் நின்றன. புடவை என்பது பாட்டியின் பெட்டியில் நாப்தலின் உருண்டையோடு உறங்கும் பொருளல்ல, இன்று தெருவில் நடமாடும் உடை என்று அது அழுத்திச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனாலும் படங்களில் பார்த்தவரையில், அங்கேயும் உடுத்திய தோற்றம்தான் முன்னே நிற்கிறது. நீளம் மடிப்புக்குள் போய்விடுகிறது.

அதே 2023-இல் மும்பை நீத்தா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தில் நாகரிக உடை எழுத்தாளர் ஹாமிஷ் போல்ஸ் அமைத்த கண்காட்சி, இந்தியத் துணியும் தையலும் மேலைநாட்டு நாகரிக உடையை 18-ஆம் நூற்றாண்டு முதல் எப்படி மாற்றின என்பதை எடுத்துக்கொண்டது. அந்தக் கதையின் ஒரு முனை நம் கடற்கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் சேர்த்துச் சிவப்பும், இரும்புக் கரைசலால் கறுப்பும் ஏற்றி எழுதிய பருத்தித்துணிக்காக ஐரோப்பியர்கள் அலைந்தார்கள். டச்சுக்காரர்கள் 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததில் துணி வணிகத்துக்கும் பங்குண்டு. தங்கள் நாட்டு நெசவு அழிந்துவிடும் என்று அஞ்சிப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளைத் தடைசெய்து வைத்திருந்தது. இந்தத் துணிகள் நூல்களில் அழகாகவே அச்சாகின்றன. காரணம் எளியது. அவற்றில் புகழ்பெற்றவை படுக்கை விரிப்புகள். நடுவில் ஒரு மரம், சுற்றிலும் கரை என்று ஒரு சட்டகத்துக்குள் அடங்குபவை. புத்தகப் பக்கத்தின் வடிவும் அதுதான். புடவை அப்படி அடங்குவதில்லை.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக ஒரு புடவை செய்தார்கள். முதலில் பருத்தியில் ஜரிகையை இடையிட்டு நெய்வார்கள். நெய்து முடித்த துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றுவார்கள். சிவப்புக்கும் கருமைக்கும் நடுவே பொன் உள்ளிருந்து கசிவதுபோல் தெரியும். நெசவாளரும் சாயக்காரரும் ஒரே துணியில் இரண்டு முறை வேலை செய்ய வேண்டும் என்பதால், கொடுத்துச் செய்விக்க ஓர் அரண்மனை இருந்தவரைதான் அது நடந்தது. 1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. ஆதரித்த கையும் இல்லாமல் போயிற்று. எஞ்சியிருக்கும் புடவைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நூல்களில் நான் கண்டவை பெரும்பாலும் உள்ளங்கையளவு துண்டின் பெரிதாக்கிய படங்களே. துணிமேல் எழுதுகோலால் சாயமிட்டு வரையும் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்காக இன்றும் தோரணமும் தொம்பையும் எழுதுகிறார்கள். தொம்பை உருளை வடிவில் தொங்குவது. முழுவதையும் பார்க்க வேண்டுமானால் நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கண்காட்சி அமைப்பவர்கள் ஒருமுறை அதை நின்று பார்க்கலாம்.

கேள்வியின் பாதி விடை தஞ்சாவூரிலேயே, அதுவும் 1858-இலேயே கிடைத்துவிட்டது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் அந்த ஆண்டில் தஞ்சையையும் திருவையாற்றையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எடுக்க வேண்டிவந்தபோது, ஒரு சட்டகத்தில் அடங்காததை அவர் அடக்க முயலவில்லை. துண்டு துண்டாக நகர்ந்து எடுத்து, இருபத்தொரு பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். 19 அடி என்றால் கிட்டத்தட்ட ஒரு புடவை நீளம். கோயிலில் நாம் வலம்வந்து படிக்கும் சுவர், அந்தச் சுருளில் தானே விரிந்து நம் முன்னால் நடக்கிறது. 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களில் நடந்த டிரைப் கண்காட்சியால் அவருடைய வேலை மீண்டும் பேசப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அரசிழந்த ஊரில், கம்பெனியின் ஊழியர் கருவியோடு வந்து சுவரைப் பதிவு செய்கிறார் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அளவை மதித்த விதத்தில் அவர் நம் காலத்து நூல் வடிவமைப்பாளர்கள் பலரைவிட முன்னே நிற்கிறார்.

இங்கே ஒரு சிறு புலம்பலுக்கு இடம் கொடுங்கள். முன்பு சொன்ன நெசவாளரிடம் காட்டிய அந்தக் கனமான நூலின் இரண்டாவது படி ஒன்று வாங்கினேன். அது இப்போது இந்த நிலையில் இருக்கிறது. கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன். கூரியரில் வந்ததை மழையில் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்ட் பேப்பரின் பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். பக்கங்கள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் அடுத்த பக்கத்தில் உரிந்து வருகிறது. பின்னிணைப்பை மட்டும் பூச்சில்லாத தாளில் அச்சிட்டிருந்தார்கள். அது காய்ந்ததும் சற்று நெளிந்து எழுந்துகொண்டது. டெல்டாவில் ஒளிப்பட நூல் வைத்திருக்க நினைப்பவர்கள் தாளைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒளிப்பட நூல் எது தெரியுமா? கல்யாண ஆல்பம். கிழியாத தாளில், இரண்டு பக்கமும் தட்டையாக விரியும்படி கட்டி, நடுமடிப்பு படத்தைத் தின்னாதபடி செய்யும் நுட்பத்தை எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் கைவந்த கலையாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் மணமகளின் கூரைப்புடவை முகத்துக்குச் சமமான இடத்தைப் பெறுகிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஜரிகை வெந்து வெள்ளையாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது நான் மிகவும் விரும்பும் நூலுக்கு வருகிறேன். அது கையில் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதுவரை இந்த வெள்ளைத்தாளை மடித்துக் காட்டுகிறேன். ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங் 1986-இல் தபலா கலைஞர் ஜாகிர் உசேனைப் பற்றிய நூலோடு தொடங்கியவர். 2022-இல் ஒளிப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது பெற்றவர். அவருடைய 'மியூசியம் பவன்' 2017-இல் ஜெர்மனியின் ஷ்டைடல் வெளியீடாக வந்தது. ஒரு கையடக்கப் பெட்டிக்குள் ஒன்பது சிறு நூல்கள். ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாக மடித்த ஒரே நீளத் தாள். மேசைமேல் நிறுத்தி இழுத்தால் அதுவே ஒரு கண்காட்சி. மடித்தால் மீண்டும் நூல். பாரிஸ் ஃபோட்டோ விழாவில் அந்த ஆண்டின் சிறந்த ஒளிப்பட நூலாக அது தேர்வானது. இதற்கு முன்னோடியான அவருடைய 2008-ஆம் ஆண்டு நூலைக் கொல்கத்தாவின் நகைக்கடை ஒன்று தன் கண்ணாடி அலமாரியில் விரித்து வைத்தது. சென்னை ஒளிப்பட பினாலே என்னும் கண்காட்சி விழா 2016-இல் பறக்கும் ரயில் நிலையத்தில் படங்களை மாட்டியபோது எனக்கு வந்த மகிழ்ச்சிதான் இதிலும் வந்தது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் எத்தனை கண்ணாடி அலமாரிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே நடக்கிறேன்.

அந்தப் பெட்டியையும் திருபுவனத்துக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது கலகலவென்று மடி முழுவதும் விரிந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது நம்ம அட்டை மாதிரியில்ல இருக்கு" என்றார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து, நூலால் கோத்த துளை அட்டைகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கிழைக்கு, உரியது. மிதிக்க மிதிக்க ஒன்றொன்றாகத் திரும்பி, புடவையின் பூவை வரிவரியாகப் படித்துக்கொண்டே போகும். மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் அந்தத் தொங்கல் இல்லை. அவர் தறியில் இருக்கிறது. திருபுவனப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் தனித்தன்மைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்ட விசிறி மடிப்பும் இதே குடும்பம்தான். கொசுவி மடித்த புடவையின் முனையை இழுத்தால் உடல் தானே விரிந்து வருகிறது.

அங்கே உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டோம். ஐந்தரை மீட்டர் புடவையை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் நான்கரை அடி நீளமும் ஓரடி அகலமும் வரும். எங்கள் ஊர் அச்சகத்தில் ஓடும் இருபதுக்கு முப்பது அங்குலத் தாளில் இரண்டை ஒட்டினால் போதும். டிரைப்புக்கு இருபத்தொன்று தேவைப்பட்டது. முன்பக்கத்தில் புடவையின் முகம். அதே தாளின் பின்பக்கத்தில், அதே இடத்தில், புடவையின் உள்பக்கம். பக்கத்தைத் திருப்பினால் துணியைத் திருப்பியதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் பொருந்துமா என்று அச்சகத்தார் தலையைச் சொறிகிறார். பூச்சில்லாத தாள் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரியவர் தறியில் இருக்கும் புடவை அறுத்து இறங்கியதும் படமெடுக்கப் போகிறேன். மடிப்புகள் எந்த அகலத்தில் விழுந்தால் முந்தியின் மாங்காய் நடுவில் உடையாது என்று பார்த்துச் சொல்வதாக அவர் அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாயிற்று. அதனால்தான் இன்று உங்களுக்கு வெள்ளைத்தாளைக் காட்ட வேண்டியதாயிற்று.