மூடாத இமை

நேயர்களுக்கு வணக்கம்.

கண் மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் ஒரு முறையீடு உண்டு. காலையில் எழுந்ததும் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது, சிவந்திருக்கிறது, நீர் வடிகிறது என்பார்கள். பொழுது ஏற ஏறச் சரியாகிவிடுமாம். செல்போன் பார்ப்பதால்தான் என்று காரணத்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒருவரிடம், "கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவீர்களோ?" என்று கேட்டேன். "அதெப்படி டாக்டர், மூடினால்தானே தூக்கம் வரும்" என்று சிரித்தார். கூட வந்த மனைவி சிரிக்கவில்லை. "கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். விழித்திருக்கிறார் என்று நினைத்து நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன்" என்றார்.

இந்தக் குறை உள்ளவருக்குத் தன் குறை தெரிய வழியில்லை. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி.

மூடினால்தான் தூக்கம் என்பது நம் எல்லோருடைய எண்ணமும்தான். 1960இல் இயன் ஆஸ்வால்டு என்ற பிரிட்டிஷ் உளமருத்துவர் ஒரு வேலை செய்தார். மூன்று பேரின் இமைகளை மூட முடியாதபடி ஒட்டிவைத்தார். கண்ணெதிரே மின்னி மின்னி அணையும் விளக்கு, காதைத் துளைக்கும் இசை, போதாதென்று காலில் மின்னதிர்ச்சி. மூவரும் கால் மணி நேரத்துக்குள் தூங்கிப்போனார்கள். எல்லாம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்ததுதான் சூட்சுமம். தொட்டிலை ஆட்டும் கைக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

1965இல் ரெக்ட்ஷாஃபன், ஃபூக்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள், திறந்த கண்ணோடு தூங்கியவர்களின் முன் பொருள்களை வெளிச்சத்தில் காட்டினார்கள். பிறகு எழுப்பிக் கனவைக் கேட்டால், காட்டிய பொருள் அதில் இல்லை. விழித்திரையில் ஒளி விழுந்ததுதான். மூளைக்குள் தலாமஸ் என்ற இடத்திலேயே செய்தி பெரும்பாலும் தடைபட்டுப்போகிறது. ஆக, தூக்கத்தின் கதவு உள்ளே இருக்கிறது. இமை மூடுவது கண்ணைக் காய விடாமல் காக்கத்தான்.

மீனைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமையே கிடையாது, தண்ணீரில் கண் காயாது என்பதால். ஆனாலும் மீன் தூங்குகிறது. மீன்போல் இமையாது உயிர்களைக் காப்பவள் என்று மீனாட்சியின் பெயருக்குப் பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். அன்னையின் விழிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. மீனின் விழிப்பில்தான் சந்தேகம். பாம்புக்குக் கண்ணாடிபோல் ஒரு செதில் கண்ணை மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும்.

வாத்து இதற்கு மாறானது. அது பாதி விழித்தே இருக்கும். மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு, மறு பாதியையும் ஒரு கண்ணையும் காவலுக்கு வைக்கும். 1999இல் அமெரிக்காவில் வாத்துகளை வரிசையாக உறங்கவைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடின. ஓரத்தில் இருந்தவை, கூட்டத்துக்கு வெளியே பார்க்கும் கண்ணையே அதிகம் திறந்துவைத்திருந்தன. டால்பினும் இப்படித்தான், ஒரு கண்ணை மூடிப் பாதி மூளையால் தூங்கும்.

மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண் திறந்திருந்தாலும் காவல் இல்லை, காய்வது மட்டும்தான் மிச்சம். இமை மூடாத இந்தக் குறையை லாகாப்தால்மோஸ் என்கிறோம், கிரேக்கத்தில் முயல் கண் என்று பொருள். முயல் கண் திறந்தே தூங்கும் என்ற பழைய எண்ணத்தில் வைத்த பெயர். தூங்கும்போது விழி மேல்நோக்கிச் சுழன்று கருவிழி ஒளிந்துகொள்வதால் பலர் பெரிய சேதமில்லாமல் தப்பிக்கிறார்கள். வெள்ளை விழி மட்டும் தெரிய, பார்ப்பவர்கள்தான் பயந்துபோவார்கள். கைக்குழந்தை அப்படித் தூங்கினால் பெரும்பாலும் கவலை வேண்டாம். வளர வளர மாறிவிடும்.

பெரியவர்களுக்குக் காரணம் தேட வேண்டும். முகவாதம், தைராய்டு கோளாறால் பிதுங்கிய கண், இமையில் செய்த அறுவை சிகிச்சை. தொழுநோயும் ஒன்று. அது முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது. கன்னப்பொறியில் உள்ள, மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை இதற்கு உண்டு. அதற்குப் பின் அவர்கள் பல்லைக் கடித்தால் கண் மூடும். சாப்பிடும்போதெல்லாம் கண் சிமிட்டும். ஆனால் தூக்கத்தில் யார் பல்லைக் கடிப்பது? இரவுக்குக் களிம்பு வேண்டியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால், தூங்கி ஒரு மணி நேரம் கழித்து மங்கிய வெளிச்சத்தில் இமையின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியே தொல்லை தரும். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்கும்படி படுக்காதீர்கள். வலி, கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்; கருவிழியில் புண் வந்தால் தழும்பு நிற்கும். களிம்பு போட்டால் காலையில் சற்று நேரம் எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். அதற்குப் பயந்து நிறுத்திவிட்டு மறுபடி என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கணவரும் அதில் ஒருவர்.

வணக்கம்.