விழாவைக் கான்ட்ராக்டில் விடலாமா?

(மயிலாப்பூரில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வரும் பொங்கலுக்கு நம் தெரு விழாவை மொத்தமாக ஓர் ஈவென்ட் கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. மேடை, விளக்கு, ஆர்கெஸ்ட்ரா, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் போதுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி உட்கார்ந்து எழுந்து வந்தால், விழாவால் தெருவுக்குக் கிடைக்கவேண்டியதில் பாதிகூடக் கிடைக்காது என்பது என் கட்சி.

விழாவைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகமே இந்த ஊரின் விழாப் பட்டியல்தான். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக வரும். இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று, இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணைக் கேட்கிறார். அந்த வரிசை தொடங்கும் முன்பே, முதல் பாட்டில் அவர் எடுப்பது அடியார்களுக்குச் சோறு போடுவதை.

அந்த வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா அன்று, கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். நீர்மோர், பானகம், புளியோதரை என்று வழியெல்லாம் கொடுப்பார்கள். வாங்குகிறவர்களை விடுங்கள், மோர் அண்டாவுக்குப் பின்னால் நிற்பவரைக் கவனியுங்கள். வருஷம் முழுக்க லிஃப்டில் தலையை நிமிர்த்தாமல் போன் பார்க்கிற மனிதர், அன்றைக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டு, "அம்மா, இன்னொரு டம்ளர் வாங்கிக்கோங்க" என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவார். கம்பெனி ஆள் சீருடை போட்டு மோர் ஊற்றினால் இது நடக்காது.

ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி பார்த்திருப்பீர்கள். ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஓடும் ரோட்டில் அன்றைக்குப் புள்ளி வைக்கிறார்கள். பாட்டி விரலிடுக்கிலிருந்து மாவு இழை அறாமல் விழுகிறது. பக்கத்துக் கட்டத்துக் காலேஜ் பெண் தன் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்க்கிறாள். பாட்டி நிமிராமலே, "உனக்கு அங்கே ஒரு புள்ளி விட்டுப்போச்சுடி" என்கிறாள். நம் தெருவிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

இப்படி முகம் பழகுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பாருங்கள். கரண்ட் போய், போன் செத்து, டவரும் கிடைக்காதபோது வாட்ஸப் குழுவால் என்ன பிரயோஜனம்? மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவருக்கு மாத்திரை இருக்கிறதா என்று படியேறிப் போய்க் கேட்க, அங்கே ஒருவர் இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

பணமும் இங்கேயே சுற்றட்டும். பந்தல், கரும்பு, கோலமாவு, பஞ்சுமிட்டாய், நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் இரவு பத்து மணிக்கு நின்றாக வேண்டும், அது சட்டம். என்னைக் கேட்டால் எட்டரைக்கே நிறுத்திவிடலாம், கைக்குழந்தைக்காரர்கள் வாழ்த்துவார்கள். அன்றிரவே நாம் பெருக்கிக் குப்பையைப் பிரித்து வைத்துவிட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் வரும் தூய்மைப் பணியாளர்களுக்கும் பொங்கல்தானே? அப்புறம் கழிப்பறை. அது இல்லாத விழாவில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நின்றுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அன்று மாலை தரைத்தளத்துக் குளியலறையைத் திறந்துவிட யார் யார் தயார்? கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.